கட்டி கரையவில்லை, வாய் கோணியது

சபையாருக்கு வந்தனம். என் பெயர் ஜெயதாஸ். முசரவாக்கத்துக்காரன். காஞ்சிபுரத்திலிருந்து கிராமங்களுக்குப் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். சாட்சி சொல்ல வரும்படி நம் சபைப் போதகர் ஐயர் பலமுறை கூப்பிட்டார். நான்தான் தள்ளிப்போட்டேன். என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததா இல்லையா என்று எனக்கே குழப்பம்.

அறுபதுகளின் கடைசி அது. ஈஸ்டருக்கு முந்தின ஒரு லெந்து காலத்தில் சவரம் செய்யும்போது, இடது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லை. பொன்னுக்கு வீங்கி என்றார்கள். என் மனைவி ஞானம் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, மஞ்சள் அரைத்துப் பூசினாள். பொன்னுக்கு வீங்கி ஒரு வாரத்தில் வற்றிவிடும். இது வற்றவில்லை. ஊர் டாக்டர் நெறி கட்டியிருக்கிறது என்று ஊசி போட்டார். அதற்கும் அசையவில்லை.

வலிக்காத கட்டிக்கு யார் பயப்படுவார்கள்? நானும் பயப்படவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து, "ஆண்டவரே, இதைக் கரைத்துவிடும்" என்று மட்டும் கேட்டேன். இரண்டு வருஷம் போனது. கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது. காதோரம் சுருக்கென்று குத்தத் தொடங்கியது.

ஒருநாள் காலை, பஸ் நிலையத்தில் ஆட்களை ஏற்றிவிட்டு விசிலை வாயில் வைத்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினேன். காற்று வாயோரமாகப் போனது.

டிரைவர் துரைசாமி அண்ணன் திரும்பிப் பார்த்தார். "இன்னா தாஸு, வண்டிய எடுக்கட்டுமா வாணாமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டார். "இன்னாப்பா இது, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்குது?"

கண்ணாடியில் பார்த்தேன். இடது கண் மூட மறுத்தது. தண்ணீர் குடித்தால் வாயோரம் வழிந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டியைக் கரைக்கத்தானே கேட்டேன்? வாயைக் கோணச் செய்யவா கேட்டேன்? என்ன பாவத்துக்கு இது? முழங்கால் போட்டேன், வார்த்தை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஞானம்தான் ஜெபித்தாள். "எங்களுக்கு ஒண்ணும் புரியல ஆண்டவரே. இன்னா செய்யணும்னு நீரே காட்டும்." அவ்வளவுதான் அவள் ஜெபம். கட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள் துரைசாமி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் பெருமாள் பக்தர். "நான் லீவு சொல்ட்டேன். மெட்ராஸுக்குப் போவலாம், கெளம்பு" என்றார்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எதிரே உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கட்டி எப்போது வந்தது, வலித்ததா, சமீபத்தில் வேகமாக வளர்ந்ததா, முகம் எப்போது இழுத்தது. கண்ணை மூடச் சொன்னார். பல்லைக் காட்டச் சொன்னார். பிறகு ஒரு துளி சதை எடுத்துச் சோதித்தார்கள்.

"இது எச்சில் சுரப்பியில வந்த புற்றுநோய். முகத்து நரம்பைப் பிடிச்சிருக்கு" என்றார் டாக்டர்.

ஞானம் அழுதாள். நான், "அப்ப வாய் கோணினதும் அதனாலதானா சார்?" என்றேன்.

"ஆமா. வாய் கோணாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு வருஷம் மஞ்சள் பூசிக்கிட்டே இருந்திருப்பீங்க. அப்புறம் வந்து பிரயோஜனம் இல்ல."

ஆபரேஷன் செய்தார்கள். கட்டியோடு நரம்பையும் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு கரண்ட் வைத்தார்கள், அதுதான் கதிர்வீச்சு சிகிச்சை. நாக்கு வறண்டு, சோறு மண்ணாக இருந்தது. அந்த வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பிழைக்கவில்லை. அவருக்காகவும் யாரோ ஜெபித்திருப்பார்கள். அது எனக்கு இன்னும் புரியவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. கட்டி திரும்பவில்லை. முகம் நேராகவும் இல்லை. நான் பேசுவது உங்களில் சிலருக்குச் சரியாகக் கேட்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாளி என்னை பஸ் நிலையத்தில் நேரம் பார்க்கும் வேலையில் வைத்திருக்கிறார். இப்போது நான் ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதில்லை. கேட்கிறேன், காத்திருக்கிறேன்.

உங்கள் உடம்பில் வலிக்காத கட்டி இருந்தால் ஜெபியுங்கள், அன்றைக்கே டாக்டரிடமும் போங்கள். நீங்கள் கேட்டதற்கு நேர்மாறாக நடந்தால் ஆண்டவரை விட்டு எழுந்து போய்விடாதீர்கள். புரியவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள். அந்த ஜெபத்துக்குத்தான் எங்கள் வீட்டில் பதில் கிடைத்தது.