பக்கத்து வீட்டில் கேட்ட டிரம்

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், பூ மி ஹங் என்ற பகுதியில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு எலக்ட்ரானிக் டிரம் வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

டிரம்மைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் திரையில் பச்சைக் கோடு துள்ளியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"மட்டமான கேபிள். சோலோன் சந்தையில வாங்காதீங்கன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றாள் மனைவி.

கோபத்தில் அரை மணி நேரம் டிரம்மை வெளுத்து வாங்கினேன். அப்போது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு லான், தட்டு நிறையப் பலகாரத்தோடு நின்றார். அன்று அவருடைய அப்பாவுக்குத் திதியாம்.

"உங்க டிரம் எங்க ஸ்பீக்கர்ல கேக்குது" என்றார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தீபாவளிக்கு அவரிடம் இரவல் வாங்கிய புளூடூத் ஸ்பீக்கர் அது. திருப்பிக் கொடுத்ததோடு நான் மறந்துவிட்டேன், கம்ப்யூட்டர் மறக்கவில்லை. படையலுக்கு முன்னால் உறவினர்கள் ஊதுபத்தியோடு நிற்க, என் அடி அத்தனையும் அங்கேதான் முழங்கியிருக்கிறது.

"ஐயோ, மன்னிச்சிடுங்க. ஸ்பீக்கரை அணைச்சிருக்கலாமே?"

"அப்பாவுக்குக் கடைசி வருஷங்கள்ல காதே கேக்கல. இது அவருக்கே கேட்டிருக்கும்னு தோணிச்சு. அணைக்க மனசு வரல" என்று சிரித்தபடி தட்டை நீட்டினார்.

இப்போதெல்லாம் சத்தம் வரவில்லை என்றால் நான் ஓங்கி அடிப்பதில்லை. கையை நிறுத்திவிட்டு, அது யார் வீட்டில் கேட்கிறதோ என்று முதலில் யோசிக்கிறேன்.