ஆறரை மணிக்கு விலகிய ஊசி

நிலநடுக்கத்துக்கு முன் பூமியின் காந்தப்புலம் தடுமாறுமாம் என்று ஒரு பழைய சஞ்சிகையில் வாசித்தேன். அது உண்மைதானா என்பதில் விஞ்ஞானிகளே பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தார்கள். போர் நடந்த காலம்; எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கொக்குவிலில் வீடு; பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தேன். அந்தப் பிடுங்குப்பாட்டைத் தீர்க்க நானே போதும் என்று நினைத்துவிட்டேன்.

காந்தமேற்றிய தையல் ஊசியை நூலில் கட்டி, ஜாம் போத்தலுக்குள் தொங்கவிட்டு, என் அறைச் சுவரோரம் வைத்தேன். குண்டு விழுந்து வீடு குலுங்கினால் ஊசி ஆடி அடங்கித் திரும்பவும் வடக்கைப் பார்க்கும். ஆனால் நாள்தோறும் பின்னேரம் ஆறரைக்கு, ஒருவரும் தொடாமலே, நான்கு பாகை விலகிக் கால் மணித்தியாலம் நின்றது. எனக்குப் புல்லரித்தது. மூன்று கிழமைக் குறிப்பையும் கடிதமாக்கினேன். ஆராய்ச்சிக்கு வரச்சொல்லி முன்பு என்னைக் கேட்ட பேராசிரியை கொழும்பில் இருந்தார்; அப்போது நான் போகவில்லை. இதைப் பார்த்தால் இப்போதும் கட்டாயம் சேர்ப்பார் என்று நம்பினேன். மறுநாள் கொழும்புக்குப் போகவிருந்த, பக்கத்து ஊரான இணுவில் கிளாக்கர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் ஊசி அசையவில்லை. அண்ணைக்குக் காய்ச்சல், அதனால் வீட்டில் ஆறரை மணி ரேடியோச் செய்தியும் இல்லை. பற்றரிக்குத் தடை இருந்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில்தான் ஊரே செய்தி கேட்டது. கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் காதில் ஏறுவதே இல்லை. அண்ணை சுற்றுவது என் அறைச் சுவருக்கு மறுபக்கம், விறாந்தையில். டைனமோவுக்குள் இருப்பதும் காந்தம்தானே!

சைக்கிளை அங்கே கவிழ்த்துவிட்டு ஓடிவந்து பார்த்தேன். நான்கு பாகை.

“என்னடி, பூமி என்னவாம்?” என்று போர்வைக்குள்ளிருந்து அண்ணை கேட்டார்.

“உங்கடை சைக்கிளைத்தான் பூமியெண்டு எழுதிப்போட்டன்.”

அவர் இருமி இருமிச் சிரித்தார். எனக்கு வெட்கத்தில் முகம் கொதித்தது. அதே சைக்கிளில் இணுவிலுக்கு மிதித்தேன். கிளாக்கர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கடிதத்தைத் தாங்கோ, பிழை விட்டிட்டன்.”

“அப்ப கொண்டுபோக வேண்டாமோ, பிள்ளை?”

கிழித்தால் என் மானம் தப்பும். அனுப்பினால் பேராசிரியை என்னை மடைச்சி என்றுதான் நினைப்பார். ஆனால் பூமியின் காந்தம் தடுமாறுமா என்ற கேள்வியை வேறு யாரிடம் கொண்டுபோவது? கிளாக்கரிடமே பேனை வாங்கிக் கடிதத்தின் அடியில் எழுதினேன்: ‘மேலே உள்ள விலகல் அத்தனையும் எங்கள் வீட்டுச் சைக்கிளால் வந்தது. பூமியின் விலகலை நான் இன்னும் காணவில்லை. காண்பதற்குப் படிக்க வேண்டும், சேர்ப்பீர்களா?’