அவர்கள் கூடுவதற்கு முன்

என் அண்ணன் ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்தான். பயிற்சிக்காகக் குதித்தபோது காற்று இழுத்துப் போய்ப் பாறையில் அடித்துவிட்டது. பெட்டியில்தான் கடலூர் வந்தான். நான் ஒன்பதாவதோடு நின்றவன். பண்ருட்டியில் பலாப்பழ வண்டி ஓட்டுகிறேன். எனக்கு எழுத வராது. இதை எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கடைசி லீவில் ஒருநாள் என்னோடு வண்டியில் வந்தான். வழியெல்லாம் முந்திரித் தோப்பு. அதைப் பார்த்துக்கொண்டே, வானத்திலிருந்து எதிரி இறங்கினால் என்ன செய்வது என்று சொன்னான்.

“எல்லா வயலுக்கும் ஆள் போட முடியாதுடா. எங்க எறங்குவான்னு யோசிச்சி அங்க நிக்கணும். விழுந்த ஒடனே ஒவ்வொருத்தனும் தனி ஆளு. ஒருத்தன் இந்தத் தோப்புல கெடப்பான், ஒருத்தன் அந்த ஏரியில. அவனுங்க ஒண்ணு சேர்றதுக்குள்ள அடிக்கணும். மேல இருந்து ஆர்டர் வரட்டும்னு நின்னியோ, போச்சு. சேந்துட்டானுங்கன்னா அசைக்க முடியாது.”

“அப்ப நீ குதிக்கிறப்ப, இது தெரிஞ்சவன் கீழ நின்னான்னா?”

“அதான் விழுந்ததும் ஏந்திரிச்சி ஓடுறோம். பின்ன வேடிக்க பாப்போமா?” என்று சிரித்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் அண்ணி என்னைக் கூப்பிட்டார். எங்கள் பக்கம் காரியத்தன்று சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்று, புருஷனை இழந்தவளின் வளையலை உடைப்பார்கள்.

“எல்லார் முன்னாடியும் ஒக்கார வெச்சி ஒடைக்க வேணாம் தம்பி. என்னால தாங்க முடியாது. நீங்க சொல்லுங்க.”

தனித்தனியாக எல்லாருக்கும் அண்ணிமேல் பிரியம்தான். கூடி உட்கார்ந்துவிட்டால்தான் ‘ஊரு என்ன சொல்லும்’ என்பார்கள். அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன்.

பண்ருட்டி பஸ்ஸில் பெரியம்மா இறங்கினார். டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கு மட்டும் ஆசையாடா? ஒங்க அத்த வுடுமா?”

“அத்தய வுடு பெரிம்மா. நீ என்ன சொல்ற?”

“நான் ஏந்திரிக்க மாட்டன், போ.”

அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். சிதம்பரம் பஸ்ஸில் அண்ணாமலை நகர் மாமி வந்தார். “ஒரு ஆளுக்கு ஒரு ட்ரிப்பா? பெட்ரோல் என்ன கெணத்துல ஊறுதா மாப்ள?” என்றார். வழியில் விஷயத்தைச் சொன்னேன். வீடு வரும்போது என் தோளைத் தட்டி, “சரி” என்றார்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான ரெண்டாம் வருஷமே புருஷனை இழந்தவர். இந்த மாதிரி காரியங்களை முன்னால் நின்று செய்வது அவர்தான். அவரிடம் பேச எனக்குப் பயம். மற்றவர்களை முடித்துவிட்டால் அத்தை தனியாகிவிடுவார், தனியாக என்ன செய்வார் என்று கணக்குப் போட்டேன். அவர் வரும் பஸ்ஸுக்கு நான் போகவே இல்லை.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். காரியம் முடிந்ததும் வளையல் உடைக்கத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, “ஏந்திரிங்கடி, நேரமாவுது” என்றார்.

யாரும் எழவில்லை. பெரியம்மா தரையைப் பார்த்தார். மாமி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

“எல்லாம் முன்னாடியே பேசி வெச்சிக்கிட்டீங்களா? எனக்கு ஒடைச்சப்ப ஒருத்தி ஒக்காந்திருக்கலியேடா.”

தட்டைக் கீழே வைத்தார். அவரிடம்தான் நான் முதலில் போயிருக்க வேண்டும். எதிரியில்லாத இடத்தில் நானாக ஒரு எதிரியை வைத்துக்கொண்டேன்.

அத்தை அன்று சாப்பிடவில்லை. பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன். “எனக்கு வழி தெரியும்” என்று நடந்துவிட்டார்.

அண்ணி வளையலோடு இருக்கிறார். அத்தை இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. போன் போட்டால் எடுக்கிறார். “சாப்ட்டியா?” என்பார். “ம்” என்பேன். வைத்துவிடுவார்.