அண்ணன் பேரில் ஊதிய மூச்சு

எனக்குச் சோறு போடுவது செத்துப்போன ஒரு மொழி. நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் உட்கார்ந்துகொண்டு, ரஷ்யன், போலிஷ், செக் எல்லாவற்றுக்கும் தாயான ஆதி ஸ்லாவிய மொழியின் சொற்களை ஒரு வெளிநாட்டு அகராதிக்குச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. பிள்ளை மொழிகளில் மிஞ்சியதை வைத்து நாங்களாக ஊகித்துக் கட்டியதுதான். அண்ணன் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துச் சிரிப்பான். "யாரும் பேசாத பாஷைக்கு இன்னாடா இவ்ளோ மெனக்கெடற?"

அவன் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். நிலக்கரித் தூசி பறக்கும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே பதினாறு வருஷம். ரெண்டு வருஷமாக இருமிக்கினே இருந்தான். கேட் பாஸ் புதுப்பிக்க மெடிக்கலில் பாஸாக வேண்டும்.

அந்த வாரம் என் கையில் இருந்த சொல் 'சுதொர்வு'. ஆரோக்கியமான என்று பொருள். 'சு' என்றால் நல்ல. 'தொர்வு' என்றால் மரம். தேவதாருவில் இருக்கிற தாருவும் அதே வேர்தான். நல்ல மரத்தால் ஆனவன். நாமும் வைரம் பாய்ஞ்ச கட்டை என்கிறோமே, அதுபோல. தமிழில் 'நல்ல' என்று ஒன்றை வைத்துக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். அங்கே நடக்காது. ஆணுக்கு சுதொர்வு, பெண்ணுக்கு சுதொர்வா, ரெண்டும் இல்லாததற்கு சுதொர்வோ. அதற்கு மேல் ஏழு வேற்றுமை. இன்னார்தான் என்று சுட்ட வேண்டுமென்றால் வாலில் ஒரு 'அவன்' ஒட்டிக்கொள்ளும், அந்த வாலும் சேர்ந்து திரியும். ஒருமை, பன்மை போக, ரெண்டு பேருக்கென்றே தனி வடிவம் வேறு. உயிரை வாங்கும் வேலை.

அந்த ரெண்டு பேர் வடிவத்துக்கான கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து நின்றான்.

"டேய், நாளைக்கு மெடிக்கல்ல ஊதுற டெஸ்ட்டு. என்னால முடியாது. நீ போயி ஊதிட்டு வந்துடு."

"வெளையாடறியா?"

"பாஸு போச்சுன்னா வூட்ல அடுப்பு எரியாதுடா. ஒனக்குத் தெரியாததா?"

எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. மந்தாரக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில்தான் மெடிக்கல். அவன் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். மெஷின் பக்கத்தில் இருந்த பெண், "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்றாள். மடையன், அடிவயிற்றிலிருந்து ஊதினேன். அவள் பாராட்டியபோது பெருமையாகக்கூட இருந்தது. அண்ணன் பெயர் போட்ட சான்றிதழில் நுரையீரல் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

எட்டு மாதத்தில் அவனால் நாலு படி ஏற முடியவில்லை. கடலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பழைய ரிப்போர்ட் கேட்டு, அண்ணன் நீட்டிய சான்றிதழை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு மாசம் முன்னாடி நுரையீரல் நல்லா இருந்திருக்கே? தூசியால வந்ததுன்னா இவ்ளோ சீக்கிரம் நுரையீரல் கெடாது. இது புதுசா புடிச்ச சளிதான். மாத்திரை எழுதறேன், ஒரு மாசம் கழிச்சு வாங்க."

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அண்ணன் என் காலை மிதித்தான். வெளியே தெரிந்தால் பாஸ் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். த்தூ, நானெல்லாம் ஒரு தம்பி.

அந்த ஒரு மாதம் முடியவில்லை. போய்விட்டான்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிக் காட்டி ஓரம் மடங்கியிருந்தது.

"நல்லா இருந்த மனுஷன் தம்பி. பாரு, எழுதியே குடுத்திருக்காங்க. அந்த டாக்டருதான் ஏதோ தப்பா குடுத்துக் கொன்னுட்டாரு. கலெக்டருக்கு மனு எழுதிக் குடு. வூட்டுல நீதான் படிச்சவன்."

பேனாவைக் கையில் திணித்தாள். டாக்டர் பெயர் எழுத வேண்டிய இடம் வரைக்கும் எழுதினேன். அங்கே பேனாவைக் கீழே வைத்தேன்.

"அண்ணி, அது அண்ணன் ஊதுனது இல்ல. நான் ஊதுனது."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அந்த டாக்டரு கேட்டப்போ எங்க போயிருந்துச்சு தம்பி, இந்த வாயி?"