வெறுங்காலும் புதுக் கிற்றாரும்

கொழும்பில் விலை கூடிய மின்சாரக் கிற்றார் ஒன்றை, அதற்கான ஒலிபெருக்கிப் பெட்டியோடு புதிதாக வாங்கினேன். கடையில் சப்பாத்தோடு நின்று வாசித்தேன். வீட்டில் கட்டிலில் ஏறி உட்கார்ந்து பழகினேன். ஒரு குறையும் தெரியவில்லை.

எங்கள் இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நெளுக்குளத்தில், ஒரு கோயில் திருவிழாவில். புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்த மணல்தான் மேடை. சுவாமிக்கு முன்னால் என்பதால் சப்பாத்தைக் கழற்றினேன். கம்பியைத் தொட்டதும் விரல்கள் சுள்ளென்றன.

"கை விறைக்குது அக்கா," என்றேன் பாடகி யோகம் அக்காவிடம்.

"முதல் நாள் பயம் தம்பி. வாசியுங்கோ."

பயந்தான் என்று நானும் நம்பினேன். இரண்டாவது பாட்டில் கை கம்பியோடு இறுகிவிட்டது. விடவும் முடியவில்லை, கத்தவும் குரல் வரவில்லை. என் முகத்தைப் பார்த்த யோகம் அக்கா பிடிக்க ஓடி வந்தார். அவரும் வெறுங்கால்.

"தொடாதையுங்கோ அக்கா! கறண்ட்!" என்று கத்தியபடி, டிரம் வாசிக்கும் செல்வம் பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தார்.

மறுநாள் ரேடியோ திருத்துபவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு வயர் ஆணிக்கடியில் நசுங்கி, தோலுரிந்து, தகரத்தில் முட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தகரத்தின் வழியாகத்தான் கிற்றார்க் கம்பிக்குக் கறண்ட் வந்திருக்கிறது.

"சாமான் புதுசுதான். பூட்டினவன் திரும்பிப் பாக்கேல்லை," என்றார்.

கடையில் என்னைக் காப்பாற்றியது சப்பாத்து, வீட்டில் கட்டில். இப்போது அந்த ரேடியோக்காரர் திறந்து பார்க்காத எந்தப் பெட்டியிலும் நான் வாசிப்பதில்லை. கோயிலில் இன்றும் வெறுங்கால்தான். ஆனால் அடியில் காய்ந்த பலகை போட்டுக்கொள்கிறேன். அன்று யோகம் அக்காவின் கைக்கும் என் தோளுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்கவில்லை. அதை நினைத்தால் பலகையில் நிற்கும்போதும் உள்ளங்கால் கூசுகிறது.