உங்கள் முறை அல்ல

அச்சன்புதூரைச் சுத்தி எந்த வயக்காட்டு மோட்டார் ரூமுக்குள்ள போனாலும் சுவத்துல ஒரு நீலக்கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 'இருபத்துநாலு மணி நேர வாடிக்கையாளர் சேவை மையம்'னு கொட்டை எழுத்துல போட்டு, அடியில ஒரு செல் நம்பர். சேவை மையம்னதும் ஏசி ஹாலு, காதுல மைக்கு மாட்டின நூறு பிள்ளையளுன்னு நீங்க நெனச்சா அது உங்க தப்பு. அது சந்தனமாரியோட சொந்த நம்பர். காலேஜ் சேந்தப்ப அவ அப்பா தென்காசி பஸ் ஸ்டாண்டுல வாங்கிக் குடுத்த சிம்கார்டு. ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன கம்பெனிய மூடி ரெண்டு வருசம் ஆச்சு. போன் இன்னும் அடிச்சுக்கிட்டுதான் இருக்கு, அவளும் எடுத்துப் பேசிக்கிட்டுதான் இருக்கா.

இப்ப அவளும் மோட்டார் மெக்கானிக் பலவேசமும் சேந்து மெயின் ரோட்டுல ஒரு சர்வீஸ் கடை வச்சிருக்காவ. காயில் கட்டுறது பலவேசம். போன் எடுக்கது, வயக்காட்டுக்குப் போய் என்ன கோளாறுன்னு பாக்கது எல்லாம் இவ. கடை நல்லாவே ஓடுது. ஆனா அந்தக் கடை எப்படி வந்துதுன்னு சொல்லணும்னா, அதுக்கு முன்னாடி இவ எத்தனை கம்பெனிக்குக் கொள்ளி வச்சு காடாத்து முடிச்சவங்கிறதச் சொல்லணும்.

சந்தனமாரி படிச்சது பி.எஸ்சி. கம்ப்யூட்டர். வீட்டுல அவதான் முதல் பட்டதாரி. முதல் வேலை, தென்காசியில ஒரு டேப்லெட் கம்பெனியில. இனிமே பிள்ளையளுக்கு வாத்தியாரே வேண்டாம், எல்லாத்தையும் இந்தப் பலகையே சொல்லிக் குடுத்துரும்னு வீடு வீடாப் போய்ச் சொல்லணும். சொன்னா. பிள்ளையளு அதுல கார் கேம் ஓட்டிப் பழகிச்சு, வாத்தியாரு பள்ளிக்கூடத்துலயே இருந்தாரு, கம்பெனிதான் போச்சு. அடுத்தது ஒரு தேங்காய்க் கம்பெனி. ஒவ்வொரு தேங்காயும் எந்த மரத்துல எந்தத் தேதியில காய்ச்சுதுன்னு பிளாக்செயின்ல ஏத்துவாங்களாம். சட்னி அரைக்கவளுக்கு அது எதுக்குன்னு இவ கேட்டா. பிளாக்செயின்னா யாராலயும் அழிக்க முடியாத ரெஜிஸ்டர்னு மேனேஜர் ஒரு மணி நேரம் விளக்குனாரு. எட்டே மாசத்துல ரெஜிஸ்டரும் இல்ல, மேனேஜரும் இல்ல. கடைசியா இருந்த ஒரு சாக்குத் தேங்காய ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சு எடுத்துட்டு வீட்டுக்கு வந்தாவ.

மூணாவதா வந்ததுதான் புவனேஷ் கம்பெனி, 'முறைநீர்'. புவனேஷ் தென்காசிக்காரன். பெங்களூர்ல அஞ்சு வருசம் இருந்துட்டு, தாடியும் ஒரு யோசனையுமாத் திரும்பி வந்தான். சும்மா சொல்லக்கூடாது, யோசனை நல்ல யோசனை. நம்ம பக்கத்துல ரெண்டு மூணு குடும்பத்துக்குச் சேத்து ஒரே கிணறு இருக்கும். பங்குக் கிணறு. இன்னைக்கு உனக்கு, நாளைக்கு எனக்குன்னு முறை வச்சுத் தண்ணி பாய்ச்சணும். அந்த முறையிலதான் அத்தனை சண்டையும் வரும். அதுக்கு ஒரு பெட்டி. மோட்டார்ல மாட்டிட்டா, யார் முறையோ அவுக போன்ல தட்டினாத்தான் மோட்டார் ஓடும். மத்தவுக தட்டினா, பெட்டி மேல சிவப்பு எழுத்துல 'உங்கள் முறை அல்ல'ன்னு வரும்.

வீடு வீடாப் போய்ப் பெட்டிய விக்கது சந்தனமாரி வேலை. முதல் வருசம் பெட்டி மேல 'ஸ்மார்ட்'னு ஸ்டிக்கர் இருந்துது. அடுத்த வருசம் அதக் கிழிச்சிட்டு 'ஐஓடி'ன்னு ஒட்டச் சொன்னானுவ. மூணாம் வருசம் 'ஏஐ'. ஸ்கூட்டியில ஸ்டிக்கர் கட்ட வச்சுக்கிட்டு ஒவ்வொரு கிணறாப் போய் ஒட்டுனதும் இவதான். "உள்ள என்னம்மா மாறிருக்கு?"ன்னு கேட்டா, "பேரு மாறிருக்கு அண்ணாச்சி"ன்னு உள்ளதச் சொல்லுவா. பொய் சொல்ல மாட்டான்னுதான் சனம் இவகிட்ட வாங்கிச்சு. பெட்டிய யாரும் நம்பல. சந்தனமாரிய நம்புனாவ.

பணம் போடுற பெரிய மனுசனுவளுக்காகக் குத்தாலத்துல ஒரு கூட்டம் நடந்துச்சு. ஆனி மாசம், நல்ல சாரல். ரிசார்ட் ஹாலுல புவனேஷ் மேடையேறி, "நான் இங்கன பட்டனத் தட்டினா அச்சன்புதூர்ல தண்ணி பாயும், பாருங்க"ன்னு தட்டுனான். ஸ்கிரீன்ல மோட்டார் தெரியுது, ஓடல. வயக்காட்டுல நின்ன சந்தனமாரி போனப் போட்டு, "சார், இலஞ்சிப் பக்கம் மரம் விழுந்து ஊருக்கே கரண்டு இல்ல"ன்னு சொல்லுதா. அவ்வளவு பெரிய ஏஐக்கு கரண்டு போனது தெரியல. போன மாசம் எடுத்த வீடியோவ ஓட்டிக் காட்டுனானுவ. அதுக்கும் கைதட்டு. அப்புறம் அத்தனை பேரும் தலையில எண்ணெயத் தேச்சுக்கிட்டு ஐந்தருவிக்குப் போயிட்டானுவ.

அடுத்த மாசியில, ஒரு வெள்ளிக்கிழமை காலையில, புவனேஷ்கிட்ட இருந்து வாட்ஸ்அப்புல ஒரு செய்தி வந்துது. 'நமது பயணம் ஒரு புதிய அத்தியாயத்தை எட்டியுள்ளது. கற்றுக்கொண்ட பாடங்களுக்கு நன்றி.' சந்தனமாரி மூணு தடவ படிச்சுப் பாத்தா. நாலாவது தடவதான் கம்பெனிய மூடிட்டானுவன்னு புரிஞ்சுது. மூடுறத மூடிட்டேன்னு சொன்னா என்ன, வாய் வெந்தா போகும்? அன்னைக்கு மத்தியானம் சர்வர நிப்பாட்டிட்டானுவ. சர்வர்னா எங்கியோ மும்பைல இருக்க கம்ப்யூட்டர். பெட்டி ஒவ்வொரு தடவையும் அதுகிட்டக் கேட்டுத்தான் மோட்டார ஓட விடும். அங்கன பதில் சொல்ல ஆளில்லன்னா, யார் தட்டினாலும் பெட்டி ஒரே பதிலத்தான் காட்டும். உங்கள் முறை அல்ல.

மத்தியானம் மூணு மணிக்கெல்லாம் போன் அடிக்க ஆரம்பிச்சுட்டு. மத்த கிணத்துக்காரங்க விவரமா இருந்தாவ. "பெட்டியக் கழத்தி எறிஞ்சிருங்க அண்ணாச்சி, பலவேசத்த அனுப்புதேன்"னு இவ சொன்னதும் கழத்தி எறிஞ்சாவ. பின்னால வந்த சர்வீஸ் கடைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. ஒரு கிணறு மட்டும் சிக்கிக்கிட்டு. பரமசிவனும் வேல்ராஜும் பங்கு வச்சிருக்க கிணறு.

ரெண்டு பேரும் பங்காளிய, அண்ணன் தம்பி முறை. பரமசிவன் மூத்தவரு, விவசாயம். வேல்ராஜ் போலீஸ்ல எஸ்ஐயா இருந்து ரிட்டயர் ஆனவரு. பதினோரு வருசமாப் பேச்சு கெடையாது. பரமசிவன் மக கல்யாணப் பத்திரிகையில வேல்ராஜ் பேருக்குக் கீழ 'காவல்துறை'ன்னு போட மறந்துட்டாவ. பக்கத்துலயே மாப்பிள்ளையோட சித்தப்பா பேருக்கு 'மின்வாரியம்'னு போட்டிருந்துது. அவ்வளவுதான் விசயம். அந்தப் பத்திரிகைய மடிச்சு பீரோவுல வச்ச மனுசன் கல்யாணத்துக்கும் போகல, வாசப்படியும் மிதிக்கல. அதனாலயே இந்தப் பெட்டி ரெண்டு பேருக்கும் ரொம்பப் புடிச்சுப் போச்சு. மூஞ்சியப் பாக்காமலே முறை நடந்துச்சே. மாட்டும்போது வேல்ராஜ் பத்திரம் எழுதி, பெட்டிக்கு அரக்கு சீலும் வச்சாரு. ரெண்டு பேரும் கிணத்தடியில நேர்ல நின்னாத்தான் சீல உடைக்கலாம். தயங்குன ரெண்டு பேரையும் சம்மதிக்க வச்சது சந்தனமாரி. "என்ன வந்தாலும் நான் வந்து நிக்கேன், என்னை நம்பிப் போடுங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கா.

அந்நேரம் குளம் வத்திக் கெடக்கு. ரெண்டு பேரு வயல்லயும் நெல்லு பால் புடிக்கிற சமயம். இந்தப் பருவத்துல தண்ணி நாலு நாள் தவறுனாப் போதும், கதிர் முச்சூடும் சாவியாப் போயிரும். வெறும் உமிதான் மிஞ்சும்.

பரமசிவன் தட்டுனாரு, 'உங்கள் முறை அல்ல'ன்னு வந்துது. அப்ப அவன் முறைன்னுல்லா அர்த்தம்? போலீஸ்காரன் கம்பெனிய மெரட்டி முறையத் திருப்பிட்டான்னு அவரு முடிவு கட்டிட்டாரு. வேல்ராஜ் தட்டுனாரு, அதே எழுத்து. அண்ணங்காரன் கம்பெனிக்காரனக் கையில போட்டுக்கிட்டான்னு இவரு முடிவு கட்டிட்டாரு. அடுத்தவர் வயப்பக்கம் தலையத் திருப்பிப் பாத்திருந்தா, இல்ல ஒருத்தருக்கொருத்தர் பேசியிருந்தா, அஞ்சு நிமிசத்துல தீந்திருக்கும். ரெண்டு பேரும் சந்தனமாரிக்குத்தான் போனப் போடுதாவ.

அவ மொதல்ல வேல்ராஜ் வீட்டுக்கு நேர்ல போனா. "கம்பெனியே இல்ல அண்ணாச்சி. சர்வர நிப்பாட்டிட்டாவ. அவுகளுக்கும் தண்ணி வரல."

வேல்ராஜ் சிரிச்சாரு. "முப்பது வருசம் சர்வீஸ் போட்டவன்ட்டயே கதையா? சர்வர் இல்லன்னு எத்தனை ஆபீஸ்ல சொல்லி நான் கேட்டிருக்கேன். அவன் வந்து நிக்கட்டும், நான் வாரேன்."

பரமசிவன் வீட்டுக்குப் போனா அங்கன வேற மாதிரி. "நீ அவன் சொல்லி விட்டு வந்திருக்க. போ தாயி, உன்னைப் போய் நம்புனேன் பாரு."

அந்த வார்த்தைதான் அவளக் குத்துச்சு. சாப்பாட்டுத் தட்டத் தள்ளி வச்சுட்டா. அவ வீட்டுக்காரன் மாரிச்செல்வம், "ஏட்டி, அந்த நம்பர மாத்தித் தொலை, நிம்மதியா இரு"ன்னு சொன்னான். நல்ல எண்ணத்துலதான் சொன்னான். "நம்பர மாத்துனா அவுக நெல்லு வெளஞ்சிருமா?"ன்னு கேட்டுட்டு, ஸ்கூட்டிய எடுத்துட்டுக் கெளம்பிட்டா. புவனேஷுக்கும் ஒரு போன் போட்டுப் பாத்தா. எடுத்தான். "அக்கா, என் கையில ஒண்ணுமே இல்லக்கா. பணம் போட்டவங்க கணக்கையே பூட்டிட்டாங்க"ன்னு அழுதான். இவளுக்குத் திட்டவும் மனசு வரல.

நாலாம் நாள் காலையில பலவேசத்தக் கூட்டிக்கிட்டு கிணத்தடியில போய் நின்னா. ரெண்டு பக்கமும் வயலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. பலவேசம் ஸ்க்ரூ டிரைவரக் கையில வச்சுக்கிட்டு, "நான் உடைச்சிருதேன் மாரி, வாரது வரட்டும்"னாரு. "உடைச்சீருன்னா உம்ம பேருல கேசாக்கும். பொறும்"னு அவ தடுத்தா. அந்நேரம் போன் அடிச்சுது. வேல்ராஜ்.

"ஏம்மா, இன்னும் எத்தனை நாளு அவனுக்கு வக்காலத்து வாங்குவ?"ன்னு அவரு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள இன்னொரு கால் வந்துது. பரமசிவன். சந்தனமாரி ஒரு செகண்டு போனப் பாத்தா. மூணு கம்பெனியில அவளுக்கு எத்தனையோ பட்டனச் சொல்லிக் குடுத்திருக்கானுவ. எந்தக் கம்பெனியும் சொல்லிக் குடுக்காத ஒண்ண அப்பத் தட்டுனா. ரெண்டு போன் காலையும் ஒண்ணாச் சேத்து விட்டுட்டு, ஸ்பீக்கரப் போட்டுட்டு, வாயவே திறக்காம நின்னா.

"தாயி, அந்தப் போலீஸ்காரன் தண்ணி முழுக்க உறிஞ்சிட்டானா இல்லியா?" பரமசிவன் குரல்.

"யாருவே உறிஞ்சினா?" வேல்ராஜ் குரல் வெடிச்சுது. "என் வயலு வெடிச்சுக் கெடக்கு. வந்து பாரும். வெடிப்புக்குள்ள காலே போவுது."

"எலே, என் வயல்ல மட்டும் என்ன, ஆறா ஓடுது? கதிரு வெளுத்துப் போய் நிக்குலே."

கால் கட்டாயிட்டோன்னு பலவேசம் எட்டிப் பாத்தாரு. ஓடிக்கிட்டுதான் இருந்துது.

"உங்களுக்கும் வரலியாண்ணே?" வேல்ராஜ் கேட்டாரு. குரல் எறங்கிப் போயிருந்துது.

"நாலு நாளா வரலலே."

கால் மணி நேரத்துல ரெண்டு பேரும் கிணத்தடிக்கு வந்துட்டாவ. வேல்ராஜ் மம்பட்டியும் கையுமா வந்தாரு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல, ஆனா ரெண்டு பேரும் சேந்துதான் அரக்க உடைச்சாவ. பலவேசம் பெட்டியக் கழத்தி ஒயரு நேராக் குடுத்து, பச்சை பட்டன அமுக்குனாரு. மோட்டார் உறுமிக்கிட்டு எடுத்துது. குழாய் ரெண்டு இருமல் இருமிட்டு, தண்ணியக் கொட்டுச்சு. சந்தனமாரிக்குக் கண்ணுல பொலபொலன்னு வந்துட்டு. அவ மறைக்கவும் இல்ல.

"இன்னைக்கு யாரு முறை?"ன்னு வேல்ராஜ் கேட்டாரு.

"யாருக்குலே தெரியும்?"னு சொன்ன பரமசிவன், அப்பத்தான் தம்பிய நல்லாப் பாத்தாரு. முகம் வாடி, மம்பட்டிய ஊனிச் சாஞ்சுக்கிட்டு நின்னாரு வேல்ராஜ். "எலே, காலையில சாப்பிட்டியா?"

"இல்ல."

"சுகர வச்சுக்கிட்டு வெறும் வயத்துல வெயில்ல வந்து நிக்க. போ, போய்ச் சாப்பிடு. மொதல்ல உன் வயலுக்கே விடுதேன். மடைய நான் பாத்துக்கிடுதேன்."

வேல்ராஜ் தன் கையில இருந்த மம்பட்டிய அண்ணன்கிட்டக் குடுத்துட்டு, திரும்பிப் பாக்காம சாப்பிட வீட்டுக்கு நடந்தாரு.