நான்காம் தறிக்கு மாற்று ஆள்

இதைப் படித்துவிட்டு "கதை சூப்பர்" என்று யாரும் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். பாராட்டாகச் சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வரும். எனக்குக் கதை எழுதத் தெரியாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கற்பனை பண்ண நேரமும் கிடையாது. இது போன ஆவணி அமாவாசை அன்று எனக்கு நடந்தது. நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று முதலில் சொன்ன ஆள் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

என் பெயர் காவேரி. வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். ஓரிக்கையில் பஞ்சாட்சரம் என்பவருக்கு ஆறு தறி ஓடும் பட்டு ஷெட் இருக்கிறது. அங்கே ஆர்டர் எடுப்பது, நெய்பவர்களுக்கு நூல் கொடுப்பது, யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பது எல்லாம் என் வேலை. நான் பிரசவத்துக்குப் போனபோது என் இடத்தில் இன்னொருவரை வைக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. சம்பளம் கொடுக்க மனசு வரவில்லை என்றும் சொல்லலாம்.

"ஏதோ ஏஐ ஏஜென்ட்டுனு சொல்றாங்களேமா, நம்ம சொல்லாமலே அதுவே எல்லா வேலையும் பாத்துக்குமாமே. நீ வூட்ல இருந்துக்கினே செட் பண்ணிக் குடுத்துடேன்" என்றார்.

செட் பண்ணிக் கொடுத்தேன். நன்றாகத்தான் வேலை செய்தது. காலையில் கதவைத் திறந்துவிடும், சாயங்காலம் பூட்டும். நூல் தீர்ந்தால் தானே ஆர்டர் போடும். உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு சின்ன சென்சார் வைத்திருந்தோம், யார் எந்தத் தறியில் உட்கார்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். பொம்பளைக் குரலில் பேசுவதால் ஷெட்டில் எல்லோரும் அதை 'மேனேஜரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் வரும் கோர்வைப் புடவையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்பவருக்கு வலது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரைக்கு, ஊடை நூல் வைத்த ஓடத்தை, நாங்கள் நாடா என்போம், தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து ஆள் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டால் நெய்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதனால் ஷெட்டில் தினமும் சண்டை. அதனால் ஏஜென்ட்டுக்கு நான் ஒரு விதி எழுதினேன். பக்கத்து ஆள் வெளியே போக வேண்டுமானால் மாற்று ஆள் வந்த பிறகே அனுமதி. அவர் திரும்பி வரும்வரை மாற்று ஆள் வெளியே போகக் கூடாது.

அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டோம். நானும் மறந்தேன், முதலாளியும் மறந்தார். அமாவாசை அன்று எங்கள் பக்கம் தறியில் உட்கார மாட்டோம். காஞ்சிபுரத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். தெரிந்த விஷயத்தை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? மேனேஜரம்மாவுக்கு அது சாதாரண வேலை நாள்.

அன்று மத்தியானம் 3:05. என் போனில் செய்தி.

"நான்காம் தறியில் இருவர் வேலை செய்கிறார்கள். மற்ற தறிகளுக்கு யாரும் வரவில்லை. விசாரிக்கவும்."

கேமராவைத் திறந்து பார்த்தேன். ஷெட் காலி. நான்காம் தறிக்கு மேலே மட்டும் விளக்கு எரிந்தது. முதலாளி திருமுக்கூடலில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்.

"பூன கீன ஏறி உக்காந்துக்கினு இருக்கும்மா. லைட்டு வேற வீணா எரியுது. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்றார்.

எனக்குக் குழந்தையை விட்டுப் போக மனசே இல்லை. அவள் பாட்டிலில் பால் குடிக்க மாட்டாள். புட்டிப்பால், ஸ்பூன், பாலாடை எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுவாள். என்னிடம்தான் குடிப்பாள். ஒரு மணிக்குக் கொடுத்திருந்தேன், மறுபடி நாலு மணிக்குக் கொடுக்க வேண்டும். பசி வந்துவிட்டால் மூச்சு அடைக்கும் அளவுக்கு அழுவாள். ஒருமுறை அழுது அழுது உதடு நீலமாகி, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். அதனால் மாமியார் அம்சவேணியிடம் கொடுத்து, "நாலு மணிக்குள்ள வந்துடுறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஷெட் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது மூன்றரை. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று போனை சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். விரலை வைத்ததும் கதவு திறந்தது. உள்ளே போனேன். எனக்குப் பின்னால் கதவு மூடியது.

டிக்.

பூனையும் இல்லை, எலியும் இல்லை. நான்காம் தறிக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூல் தக்காளிச் சிவப்பு, கரை பச்சை. ஏதோ கல்யாண ஆர்டர். பக்கத்து ஆள் உட்காரும் பலகை சற்று நகர்ந்திருந்தது. இழுத்துச் சரியாக வைக்கலாம் என்று கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி...

கையை எடுத்துவிட்டேன். விளக்காவது, மண்ணாவது, முதலில் வெளியே போவோம் என்று கதவுக்கு வந்து விரலை வைத்தேன். திறக்கவில்லை. மறுபடி வைத்தேன். சிவப்பு விளக்கு. பட்டு திருடு போகிறது என்று முதலாளி போட்ட காந்தப் பூட்டு அது. உள்ளே கைப்பிடி கிடையாது. அவசரத்துக்கு ஒரு பட்டன் உண்டு. அதற்கு இன்னும் ஒயர் இழுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் லோகேஷ் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்கதவு வெளியே தாழ்ப்பாள். ஜன்னல்கள் என் தலைக்கு மேலே, கம்பி வலையோடு.

சுவரில் இருந்த டேப்லெட்டிடம் போனேன்.

"கதவைத் திற."

"வணக்கம் காவேரி. இப்போது திறக்க இயலாது. நான்காம் தறியின் பக்கத்து ஆள் மதியத்தில் இருந்து அனுமதி கேட்டிருந்தார். மாற்று ஆள் இல்லாததால் நிறுத்தி வைத்திருந்தேன். நீங்கள் வந்துவிட்டீர்கள். அனுமதி கொடுத்துவிட்டேன்."

"எந்தப் பக்கத்து ஆள்? இங்க யாரும் இல்ல!"

பதில் வருவதற்கு முன்னால்...

டிக்.

கதவு திறந்தது. ஒரு ஆள் ஒருக்களித்து வெளியே போகும் அளவுக்கு. வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அந்தக் கோட்டை ஏதோ ஒன்று கடந்தது. வெளிச்சம் ஒரு கணம் மறைந்து திரும்ப வந்தது.

நான் ஓடினேன். கை எட்டுவதற்குள் கதவு மூடிவிட்டது.

டிக்.

கதவை அடித்தேன், உதைத்தேன், கத்தினேன். சுற்றிலும் வயல், அதைத் தாண்டினால் பாலாற்று மணல். அமாவாசை வேறு. யாருக்குக் கேட்கும்?

விதியை மாற்றப் பார்த்தேன். "தறி ஓடும்போது மாற்ற இயலாது" என்றது. முதலாளிக்குப் போன் போடச் சொன்னேன். "வேலை நேரத்தில் அவசரத்துக்கு மட்டும்" என்றது. தீப்பிடித்துவிட்டது என்று கத்தினேன். "புகை இல்லை, காவேரி" என்றது. பொறுமையாக, அன்பாகச் சொன்னது. அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். அப்போது அதன் கழுத்தை நெரிக்கலாம் போல் இருந்தது. கழுத்து எங்கே இருக்கிறது?

டேப்லெட்டில் மணி 3:55. என் மார்பு கனக்க ஆரம்பித்துவிட்டது. குழந்தை எழுந்திருப்பாள். என்னைத் தேடுவாள்.

"அவங்க எங்க போயிருக்காங்க?" என்று கேட்டேன். ஏன் 'அவங்க' என்று சொன்னேன், தெரியவில்லை.

"வீட்டுக்குப் போய் வர வேண்டுமாம்."

"எப்ப வருவாங்க?"

"ஒரு மணி நேர அனுமதி. மாற்று ஆள் பலகையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த நேரம் தொடங்கும். நெய்பவர் காத்திருக்கிறார்."

நெய்பவர்...

நான் மெதுவாகத் திரும்பினேன்.

நான்காம் தறி. நெய்பவர் உட்காரும் பலகை. காலியாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் லேசாக வளைந்திருந்தது. கனமாக ஒருவர் உட்கார்ந்தால் வளையுமே, அப்படி.

அழுதேன். மாரியம்மா, மாரியம்மா என்று வாய் தானாகச் சொன்னது. ஆனால் மணி நாலைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் உட்காராத ஒவ்வொரு நிமிஷமும் என் குழந்தை அங்கே கூடுதலாக அழுவாள். உதடு நீலமாவது கண்ணுக்குள் வந்தது. மேலே என்னால் யோசிக்க முடியவில்லை.

போய் உட்கார்ந்தேன்.

"நன்றி. நேரம் தொடங்குகிறது" என்றது மேனேஜரம்மா.

தறிக்கு அடியில் கால் வைக்கும் குழிக்குள் மிதிகட்டை தானாக இறங்கியது.

டக்.

நாடா போக வழிவிட்டுப் பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரிந்தது. என் பிறந்த வீட்டிலும் தறிதான். கைக்கு வேலை தெரியும். பச்சை நாடாவை எடுத்துத் தள்ளினேன். மறுபக்கத்தில் அது நின்றது. நானாக நிறுத்தவில்லை... யாரோ பிடித்தார்கள். திரும்ப வந்தது.

டக்.

நான் நிமிரவில்லை. கரையை மட்டுமே பார்த்தேன். என் இடது தோளில் ஒரு குளிர்ச்சி ஒட்டிக்கொண்டே இருந்தது.

டக்... டக்...

ரவிக்கை நனைந்துவிட்டது. பால் தானாகக் கசிந்தது. அங்கே அவள் அழுகிறாள் என்று என் உடம்பு சொன்னது.

டக்...

ஒருமுறை நாடாவைத் தள்ளத் தாமதித்தேன். பக்கத்தில் ஒரு பெருமூச்சு. மிக அருகில்.

அதற்குப் பிறகு தாமதிக்கவில்லை.

டக்...

டக்...

டிக்.

கதவு!

வெயில் கோடு உள்ளே விழுந்தது. யாரோ மெல்ல நடந்து வந்தார்கள். சத்தம் இல்லை. பால் வாசனை மட்டும் வந்தது. என் வாசனைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பக்கத்து ஆள் வந்துவிட்டார். நீங்கள் போகலாம், காவேரி."

எழுந்தேனா, தாவினேனா, தெரியாது. வெளியே மண்ணில் விழுந்துதான் மூச்சு விட்டேன். கதவு எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது. உள்ளே மறுபடியும் கேட்டது.

டக்.

சீட்டைத் திறந்து போனை எடுத்தேன். மணி 5:10. குழந்தை சிணுங்கினாலே பத்து தடவை கூப்பிடுகிற மாமியார், ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மிஸ்டு கால் ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்களா? போன் பண்ண பயம். ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

மாமியார் கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தூளியில் குழந்தை.

"அத்தை... பாப்பா..."

"கத்தாதமா, முழிச்சிக்கப் போறா. இப்பத்தான் தூங்குனா."

குனிந்து பார்த்தேன். நல்ல தூக்கம். கடைவாயில் ஒரு துளி பால். வயிறு நிறைந்திருந்தது, தொட்டாலே தெரிந்தது. என் மார்பு இரண்டும் கல்லாகக் கட்டி, வலி தாங்க முடியவில்லை.

"பாப்பாவுக்கு என்ன குடுத்தீங்க அத்தை?"

அவர் கீரையை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் எங்க குடுத்தேன்? நீதான நாலு மணிக்கு மேல வந்து குடுத்துட்டுப் போன? உள்ரூம்ல செவுரப் பாத்து உக்காந்துக்கினு, கூப்ட்டாகூடப் பேசல. பெத்த உடம்பு, அசதியா இருக்குதுனு நானும் உட்டுட்டேன். இன்னைக்குப் பாப்பா ஒரு அழுகை அழல, உன்னப் பாத்து அப்டி சிரிச்சா."

தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"போகும்போது நீ கேட்டதுதாமா எனக்குச் சிரிப்பா வந்துது" என்றார் மாமியார்.

"நான்... என்ன கேட்டேன்?"

"வாசல்ல நின்னுக்கினு, 'தெனமும் வந்து பால் குடுத்துட்டுப் போகட்டுமா'னு கேட்ட. இந்தக் கேள்விய ஏம்மா என்னாண்ட கேக்குற, உன் வூடு, உன் புள்ள, எப்ப வேணா வானு சொன்னேன்."